வீட்டுக்கு வந்த அம்மை

"சின்னம்மை யார் யாருக்கு ஏற்கெனவே வந்திருக்கு?" என்று வார்டில் எங்கள் மேடம் கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான். எந்தக் கேள்விக்கும் முதலில் தூக்குவது என் கைதான் என்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க வூட்டுல வந்துருச்சு மேடம்" என்றேன்.

மேடம் தலையாட்டினார். தனி அறையில் அம்மை போட்டுப் படுத்திருந்த ஒரு பெண்மணிக்கு நாடித்துடிப்பும் காய்ச்சலும் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஏதோ பரிசு வாங்கியதுபோல மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன்.

நான் பெரம்பலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். நோயாளியின் பாதுகாப்பு என்ற பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் அதிக மார்க். 'நோயாளியின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவரைச் சொல்ல வையுங்கள்' என்பதை அடிக்கோடிட்டு எழுதியவள். இப்போது வந்திருக்கும் ஜூனியர்கள், "அக்கா, அந்தப் பாடத்துக்கு நோட்ஸ் இருக்கா?" என்று கேட்கிறார்கள். நோட்ஸ் இருக்கிறது, தருகிறேன். ஆனால் அதே பாடத்தை நான் இன்னொரு முறை, மல்லாக்கப் படுத்துக்கொண்டு படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சின்னம்மை ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறக்காது. மறுபடி வருவது அபூர்வம். அதனால்தான் வந்து போனவர்களைத் தேடி அந்த அறைக்கு அனுப்புகிறார்கள். இது காற்றில் பரவும் நோய். முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 கவசம் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் அந்தப் பெண்மணி, "கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றார். நான் சாதாரணக் கவசத்தோடு அப்படியே ஓடினேன். எனக்குத்தான் வந்துவிட்டதே.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கும் மேல் ஒன்றும் இல்லை. சின்னம்மைக் கிருமி அப்படித்தான், உள்ளே நுழைந்து சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அக்கா சுகன்யா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். அவள் மடியில் தலைவைத்துப் படுத்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே இருந்து ஓர் உதை.

"சித்தி வந்திருக்கான்னு தெரிஞ்சுருச்சு பாரு. இப்பவே உதைக்குது" என்றாள் அக்கா.

"நர்ஸ் சித்தி. மரியாதையா இருக்கச் சொல்லு."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முதுகு வலித்தது. காய்ச்சல்போல இருந்தது. மறுநாள் காலையில் குளிக்கும்போது வயிற்றில் பனித்துளிபோல ஒரு கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று. பார்த்த உடனே எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "இருக்காது, எனக்குத்தான் வந்துருச்சே" என்று குளித்து முடித்து யூனிஃபார்மும் போட்டுவிட்டேன். வார்டன் என் கழுத்தைப் பார்த்தார். அதற்குமேல் கேள்வியே இல்லை. என் பை, பக்கெட், தலையணை எல்லாம் ஹாஸ்டல் கடைசி அறைக்குப் போயின. அடுத்த நாள் இருமலும் மூச்சு வாங்கலும் சேர்ந்துகொள்ள, ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஏற வந்த தோழியை வார்டன் நிறுத்திவிட்டார். "உனக்கு வந்திருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். குழந்தைகளுக்கு இந்த நோய் பெரும்பாலும் தோலோடு போய்விடும். பெரியவர்களில் சிலருக்கு நுரையீரலுக்குள்ளும் இறங்கும். எனக்கு இறங்கியிருந்தது. விரலில் கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார்களே, அதில் எத்தனையோ பேருக்கு நான் பார்த்திருக்கிறேன். என் விரலில் மாட்டியபோது அந்த எண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ட்ரிப். நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில், கதவு சாத்திய அறை. ஒரே கட்டில்.

அந்த அறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சத்தம் எல்லாம் வெளியே இருந்தது. ட்ராலி உருளும், யாரோ சிரிப்பார்கள், யாரோ "டோக்கன் எங்க போட்டிருக்காங்க?" என்று கேட்பார்கள். என் கதவை நெருங்கும்போது நடையெல்லாம் வேகமாகிவிடும். உள்ளே வருகிறவர்களுக்குக் கண்கள் மட்டும்தான் இருந்தன. மூக்கும் வாயும் உள்ள ஒரு முகத்தை நான் பார்த்தது செல்போனில்தான். அங்கே மணி கிடையாது. ஆள் வேண்டுமென்றால் எழுந்துபோய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் அவர்கள் மேலங்கி, கையுறை, கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு வர வேண்டும். அவர்களுடைய சிரமம் எனக்குத் தெரியும். அதனால் தட்டவே மாட்டேன்.

நான் அறிந்த முதல் விஷயம் இது. தனி அறையில் இருப்பவர் கூப்பிடவில்லை என்றால் அவருக்கு ஒன்றும் தேவையில்லை என்று அர்த்தமில்லை.

கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டிக் கேட்பார்கள். "மாத்திரை சாப்பிட்டாச்சா?"

"ம்."

மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. தொண்டைக்குள்ளும் கொப்புளம், விழுங்க முடியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை. கேள்வியிலேயே பதில் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். "வலி இல்லல்ல?" "ம்." "மோஷன் போச்சுல்ல?" "ம்." நோயாளிகள் ஏன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள் என்று வார்டில் நான் எரிச்சல்பட்டிருக்கிறேன். வாசலில் நிற்பவர் போகத் தயாராக நிற்கும்போது, 'ம்' ஒன்றுதான் அவரை நிற்க வைக்காத பதில்.

ஒருவர் மட்டும் வாசலிலிருந்து கேட்கமாட்டார். பர்வீன் சிஸ்டர். எங்கள் கல்லூரியிலேயே படித்தவர், என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. சிறுவயதில் அம்மை வந்து, இடது புருவத்துக்கு மேல் குழி விழுந்தவர். அதனால் என் அறை அவர் தலையில் விழுந்தது. வந்ததும் கட்டில் பக்கத்தில் நின்று, கையில் ஊசிமருந்தை வைத்துக்கொண்டு, "உன் பேரைச் சொல்லு" என்பார்.

முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். அப்புறம் பொறுக்கவில்லை.

"சிஸ்டர், இந்த ரூம்ல நான் ஒருத்திதான இருக்கேன்."

"அதான் எனக்குப் பயம். பத்துப் பேர் படுத்திருக்கிற எடத்துல எல்லாரும் பேர் கேப்பாங்க. ஒருத்தி இருந்தா எவ கேப்பா?"

"நேத்துத்தான சொன்னேன்."

"இன்னிக்கு மாறியிருந்தா? சொல்லு புள்ள, மருந்து காத்துக்கிட்டு இருக்கு."

"கு. கலைச்செல்வி."

"அல்ஹம்துலில்லாஹ். இன்னிக்கும் அதே ஆளுதான்."

வீட்டில் என்னை எல்லோருக்கும் 'பாப்பா'. ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்கு நான் 'ஐசோலேஷன்'. "ஐசோலேஷனுக்கு கஞ்சி போச்சா?" என்பார்கள். நாளுக்கு மூன்று தரம் என் பெயரை நானே சத்தமாகச் சொல்வது எனக்கு மெல்லப் பிடித்துப்போனது. அந்த மருந்து, கிருமி பெருகாமல் தடுப்பது. வேகமாக ஏற்றினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும், நிறையத் தண்ணீரும் குடிக்க வேண்டும். சொட்டு எண்ணத் தெரிந்தவள் நான். காய்ச்சலில் பத்தைத் தாண்டுவதற்குள் எண்ணிக்கை தவறிவிடும். ஒருமுறை ஊசி இருந்த இடத்தில் கை வீங்கிக் கடுகடுவென்று வலித்தது. அப்போதும் நான் தட்டவில்லை. பர்வீன் சிஸ்டர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே ட்ரிப்பை நிறுத்தினார்.

"எத்தனை நேரமா வலிக்குது?"

"கொஞ்ச நேரமா."

"நர்சிங் படிக்கிறவதான நீ? பரீட்சையில இப்புடித்தான் எழுதுவியா, வலிச்சா கம்முனு கெடக்கணும்னு?"



அப்பா தினமும் வந்தார். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஷிஃப்ட் முடிந்ததும் அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். இளநீர், தர்பூசணி, கேழ்வரகுக் கூழ் எல்லாவற்றையும் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு நேர் கீழே பைக் ஸ்டாண்டில் நின்று போன் செய்வார். நான் ஜன்னலோரம் வந்து நிற்பேன். அந்த உயரத்திலிருந்து அவருடைய உச்சந்தலை மட்டும் வெயிலில் மின்னும், அப்புறம் முகம் நிமிரும்.

"கூழு குடிச்சியா?"

"ம்."

"ம்."

ஆளுக்கு ஒரு 'ம்' சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே நிற்போம். உள்ளே போகக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் அக்கா இருக்கிறாள் அல்லவா.

அக்கா. அந்தக் கேள்வியை டாக்டர்தான் கேட்டார். "கொப்புளம் வர்றதுக்கு முந்தின ரெண்டு நாள் யார்கூட இருந்தே?" கொப்புளம் தெரிவதற்கு முன்பே இது பரவும் என்பதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அக்காவின் மடி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு அம்மை வந்தால், அவளிடமிருந்து குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி போய்ச் சேர்வதற்குள் நோய் போய்ச் சேர்ந்துவிடும். பச்சைக் குழந்தை தாங்காது. அக்காவுக்கு முன்பே வந்திருந்தால் பயமில்லை. வரவில்லை என்றால் ஓர் ஊசி இருக்கிறது, திருச்சியில் தேட வேண்டும், அதுவும் சீக்கிரம் போட்டால்தான் பலன்.

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, அக்காவுக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"பேரைச் சொல்லாத. மொதல்ல கன்னத்துல போட்டுக்க. நம்ம வூட்டுக்குத்தான் ஆத்தா வந்துட்டுப் போயிட்டாளே."

"வூட்டுக்கு வந்தா சரிம்மா. யாருக்கு வந்துச்சு?"

"என்னாடி கேள்வி இது? வூட்டுக்குத்தான் வருவா. வேப்பெல சொருவி, தாளிக்காம, யாரையும் படியேத்தாம எல்லாருந்தான் கட்டுப்பட்டுக் கெடந்தோம்."

"எனக்கு உடம்புல முத்து இருந்துச்சா?"

"ஒனக்கா? ஒன்னயத்தான் பாடாலூரு சித்தி வூட்டுக்குக் கொண்டுபோய் வுட்டுட்டமே. தலைக்குத் தண்ணி ஊத்துனதுக்கு அப்புறந்தான கூட்டியாந்தோம். பால் மறக்காத புள்ள, அழுதுகிட்டே போன."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "எங்க வூட்டுல வந்துருச்சு மேடம்." நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மேடத்தின் காதில் 'வந்துருச்சு' மட்டும் விழுந்தது. என் காதிலும் அது மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது, பிறந்ததிலிருந்து. எங்கள் பக்கம் அம்மை ஆளுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறது. ரத்தத்துக்கு அந்தக் கணக்குப் புரியாது.

"அப்ப அக்காவுக்கு?"

"அவளுக்கு ரெண்டோ மூணோ தெரிஞ்சுது. வேர்க்குருவா, ஆத்தாவான்னு யாரு பாத்தா? ஒங்கப்பாவுக்குத்தான் ஒடம்பு பூராவும் பூத்துப்போய்க் கெடந்தாரு."

"அக்காவை ரத்த டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. பழசா வந்திருந்தா ரத்தத்துல தெரியும்."

அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வந்துட்டுப் போன ஆத்தாவ ஊசி போட்டுச் சோதிக்கிறதாடி? மாசமா இருக்கிறவள வச்சிக்கிட்டு? நீ குணமாயி வா. ஒனக்கு நான் வேண்டியிருக்கேன்."

போன் கட்டானது. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேறு யாராவது இருந்தால் அவர்களிடம் புலம்பியிருப்பேன். எதிரே சுவரும் ஆக்சிஜன் மீட்டரில் குமிழ்விடும் தண்ணீரும்தான். என் உடம்பைப் பற்றிய பயம் அதற்குமுன் எனக்குப் பெரியதாக இருந்தது. அந்த மதியம் அது எங்கே போனதென்றே தெரியவில்லை.

பர்வீன் சிஸ்டர் வந்து பெயர் கேட்டபோது அழுகைதான் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அம்மாகிட்டக் கேட்டே. உன் அக்காகிட்டக் கேட்டியா?" என்றார்.

இல்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவள் நம்பருக்குப் போட்டேன்.

"அம்மா அழுதுகிட்டு சாமி ரூம்ல உக்காந்திருக்கு. என்ன சொன்ன நீ?" என்றாள் அக்கா.

சொன்னேன். மடியில் படுத்தது, குழந்தைக்கு என்ன ஆகும் என்பது, ஊசி, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். 

"எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேளுங்கடி" என்றாள் அக்கா. "மாமியா நம்மம்மாகிட்டக் கேக்குறாங்க, டாக்டரு ஒங்க மாமாகிட்டக் கேக்குறாரு, நீ அம்மாகிட்டக் கேக்குற. வயிறு எங்கிட்டதான இருக்கு."

"ஒனக்கு வந்துச்சாக்கா?"

"எனக்கு ஞாபகமே இல்ல. டெஸ்டுக்குப் போறேன். அப்பாவை வரச் சொல்லு."

அன்று மாலை அப்பா பைக் ஸ்டாண்டுக்கு வரவில்லை. அக்காவோடு அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஆனாலும் அந்த நேரத்துக்கு நான் ஜன்னலோரம் போய் நின்றேன். ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வர நாளாகும் என்று அக்கா மெசேஜ் போட்டாள். அந்த இடைவெளியில் என் காய்ச்சல் இறங்கியது, மூச்சு சீரானது, கொப்புளங்கள் காய ஆரம்பித்தன. ஒன்றிலும் எனக்கு மகிழ்ச்சி இல்லை. அக்கா தினமும் காலையில் கை, கழுத்து, வயிறு எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவாள். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒருநாள் ஒரு சிவப்புப் புள்ளி. அவளைக் கூப்பிடப் போவதற்குள் "கொசுடி" என்று அடுத்த மெசேஜ் வந்தது.

அதற்கிடையில் பர்வீன் சிஸ்டர் ட்ரிப்பைச் சரிபார்த்துக்கொண்டே திடீரென்று நின்றார்.

"உங்கப்பாவுக்கு உடம்பெல்லாம் பூத்துச்சுன்னு உங்கம்மா சொன்னாங்கள்ல?"

"ஆமா."

"அப்ப அவரு ஏன் பைக் ஸ்டாண்டுல நிக்கிறாரு? அவரு உள்ள வரலாமே."

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை நாளும் அவர் வெயிலில் நின்றிருக்கிறார். உள்ளே வரக்கூடிய ஒரே ஆளைத்தான் வெளியே நிறுத்தியிருந்தோம். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. என் கதவை நெருங்கும்போது வேகமாகாத நடை. வெளியே பர்வீன் சிஸ்டரின் குரல்.

"யாரைப் பாக்கணும்? பேரைச் சொல்லுங்க."

"பாப்பாவ."

"பாப்பால்லாம் மேல பிரசவ வார்டுல இருக்குங்க. பேரைச் சொல்லுங்க."

கொஞ்சம் தயக்கம். பிறகு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல, "கு. கலைச்செல்வி. எம் பொண்ணுங்க" என்றார். அப்பா வாயால் என் முழுப்பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதலில் கை கழுவச் சொன்னார் சிஸ்டர், போகும்போதும் கழுவச் சொன்னார், வீட்டுக்குப் போனதும் சட்டை மாற்றிக் குளித்துவிட்டு அக்கா பக்கம் போகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அப்பா "ம்" போட்டார். "ம் எல்லாம் வேணாம். என்ன செய்வீங்கன்னு நீங்க சொல்லுங்க" என்றார் சிஸ்டர். அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

உள்ளே வந்தவருக்கு எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். கையை நீட்டி என் தலையில் வைத்தார். கையுறை இல்லாத கை. சுண்ணாம்புக்கல் தூசியில் காய்த்துப்போன, சொரசொரப்பான கை. அறைக்குள் வந்த நாளிலிருந்து எந்தத் தோலும் என்மேல் பட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ரிசல்ட் வந்துருச்சு" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"அவளுக்கு எப்பவோ வந்து போயிருக்காம். ரத்தத்துல இருக்காம். புள்ளைக்கும் அது போய்ச் சேரும்னாரு டாக்டரு. ஊசில்லாம் வேணாமாம்."

நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன்.  போர்வைக்கு வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அப்ப ஒன்ன மட்டும் பாடாலூருல வுட்டுட்டு வந்தோம். இப்பத்தான் ஆத்தா நம்ம வூட்டுக்கு முழுசா வந்துட்டுப் போறா."

சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. கூழைத் தானே ஊட்டப் பார்த்தார், சட்டையெல்லாம் சிந்தியது. அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். கை கழுவும் சத்தம் வெளியே நெடுநேரம் கேட்டது.

செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அறை முன்னைவிடப் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. ஜன்னலோரம் போய் நின்றேன். பைக் ஸ்டாண்டில் அதே இடத்தில், அண்ணாந்தபடி நின்றார். என் போன் அடித்தது.

"என்னப்பா, இப்பத்தான பாத்துட்டுப் போனீங்க. பஸ்ஸ வுட்டுருவீங்க. அங்க ஏன் நிக்கிறீங்க?"

"பழகிப்போச்சு பாப்பா" என்றார்.